மாதேவிக்கு நான்கு நாள்

மைசூர்
8-7-1963

அன்புள்ள வாலா,

பிளாஸ்க் வந்து சேர்ந்தது. கண்டக்டர் கருப்புசாமி அதைக் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார். நீ மெழுகு வைத்து அடைத்திருந்தும் வாசனை கசிந்துவிட்டது. கொள்ளேகாலம் தாண்டியதும் பஸ்ஸில் ஒருவர், "என்னய்யா, உர மூட்டையா ஏத்தியிருக்கே?" என்று கேட்டாராம். அடுத்த முறை ரப்பர் மூடி அனுப்புகிறேன்.

நீ அனுப்பிய பதினோரு சிறுநீர் மாதிரிகளில் ஏழாம் எண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதில் இருப்பது புரோட்டியஸ் கிருமி. அது யூரியேஸ் என்ற என்சைமைச் சுரக்கிறது. அந்த என்சைம் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அமோனியாவாக்குகிறது. சிறுநீர் காரமாகி, உப்புகள் படிந்து கல்லாகிவிடுகின்றன. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நிச்சயமாகிறது.

ஜப்பானிலிருந்து வந்த சஞ்சிகையைப் பார்த்து, யூரியேஸைத் தடுக்க ஒரு வெள்ளைப் பொடி தயாரித்திருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? இதுவரை அதைக் கத்தி அவரை விதையிலிருந்து எடுத்த யூரியேஸிடம்தான் காட்டியிருந்தேன். நேற்று முதல் தடவையாக மனித உடம்பிலிருந்து வந்த கிருமியிடம் காட்டினேன். ஆறு குழாய்கள், அமோனியா பட்டால் நிறம் மாறும் சாயத்தோடு. பொடி போடாத மூன்றும் அரை மணியில் ரோஜா நிறமாகிவிட்டன. பொடி போட்ட மூன்றும் மாலை வரை மஞ்சளாகவே நின்றன. கிருமி சாகவில்லை. அதன் கையைக் கட்டிப் போட்டமாதிரி இருந்தது.

என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. குக்கரஹள்ளி ஏரிக் கரையை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து மறுபடி குழாய்களைப் பார்த்தேன். ஏழாம் எண்ணிலிருந்து இன்னும் இரண்டு மாதிரி அனுப்பு.

யதுகிரி

*

ஹனூர்
15-7-1963

யது,

ஏழாம் எண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது. மாதேவி. வயது முப்பத்தாறு. ஹனூருக்கு மேற்கே ஒரு கேழ்வரகுக் காட்டுக்காரரின் மனைவி. கல்யாண வயதில் ஒரு மகள். வலது சிறுநீரகத்தை இரண்டு வருஷத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். இடதில் இப்போது மான்கொம்பு போலக் கிளைவிட்ட கல். ஸ்ட்ரெப்டோமைசின் போட்டால் ஒரு வாரம் கிருமி அடங்குகிறது. பிறகு கல்லுக்குள்ளிருந்து மறுபடி எழுந்து வருகிறது. இப்போதே கல்லை எடுத்தாலும் மூன்று மாதத்தில் இன்னொரு கல் கட்டும் என்கிறார் மைசூர் சர்ஜன். ஆனாலும் செப்டம்பர் முதல் வாரம் எடுக்கலாம் என்று நாள் கொடுத்திருக்கிறார்.

அவள் என்னிடம் கல்லைப் பற்றியோ வலியைப் பற்றியோ கேட்பதில்லை. வாசனையைப் பற்றித்தான் கேட்கிறாள். வீட்டில் அவளை மாட்டுக் கொட்டகையில் படுக்க வைத்து ஒன்பது மாதமாகிறது. புருஷன் கெட்டவர் இல்லை. கஞ்சி கொண்டுவந்து வைக்கிறார். வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார். இங்கே வார்டிலும் அவளாகவே கடைசிக் கட்டிலுக்குப் போய்விட்டாள். என் நர்ஸ் தேவம்மா ஜன்னலைத் திறந்தால், தன்னால்தான் என்று அவளுக்குத் தெரிந்து தலையைக் குனிந்துகொள்கிறாள்.

இனி குழாயில் நிறம் பார்த்தது போதும். உன் பொடியில் இருபது கிராம் அனுப்பு. அதே பிளாஸ்கில் வை. கருப்புசாமிக்கும் ஒரு தடவை நல்ல வாசனை கிடைக்கட்டும்.

வாலா

*

மைசூர்
20-7-1963

அன்புள்ள வாலா,

அனுப்ப முடியாது. காரணம் சொல்கிறேன், கோபப்படாமல் படி.

பன்னிரண்டு எலிகளுக்குப் பொடியைக் கொடுத்து வருகிறோம். மூன்று செத்துவிட்டன. திறந்து பார்த்ததில் மண்ணீரல் பெரிதாகி, கறுத்து இருந்தது. ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. அந்த வாரம் மழையில் எலி அறை ஒழுகியது. சளிக் காய்ச்சலாகவும் இருக்கலாம், பொடியாகவும் இருக்கலாம். புரொபசர் நரசிம்மமூர்த்தி அடுத்த தொகுதி எலிகள் வரும் வரை பொறு என்கிறார். அவர் சொல்லாவிட்டாலும் நான் பொறுத்துத்தான் இருப்பேன்.

மாதேவியைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கவில்லை. ஏழாம் எண் என்றே நீ எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இப்போது குழாயைக் கையில் எடுக்கும்போதெல்லாம் கொட்டகை ஞாபகம் வருகிறது. அதற்காக அனுப்ப முடியுமா? தயவுசெய்து இன்னொரு தடவை கேட்காதே.

யதுகிரி

*

ஹனூர்
27-7-1963

யது,

மகாராணி காலேஜில் இன்டர் கெமிஸ்ட்ரிப் பரீட்சை. கடைசிக் கேள்விக்கு உனக்கு விடை தெரியும். முதல் நாள் நீதான் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாய். நான் எழுதினேன். நீ எழுதாமல் வெளியே வந்தாய். கேட்டதற்கு, "ஒரு இடத்தில நிச்சயமில்லை, வாலா" என்றாய். பதினான்கு வருஷமாகிறது. நீ இன்னும் அந்த ஹாலை விட்டு வெளியே வரவில்லை.

மாதேவிக்கு நேற்று நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். எலிகள் எப்போது வரும்? பம்பாயிலிருந்தா, டில்லியிலிருந்தா? அவற்றுக்கு ரிசர்வேஷன் கிடைத்துவிட்டதா?

மூன்றாம் தேதி மருந்து வாங்க மைசூர் வருகிறேன். உன்னை நேரில் பார்த்துக் கேட்கிறேன். முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்.

வாலா

*

மைசூர்
6-8-1963

வாலா,

முகத்தைப் பார்த்து இல்லை என்று சொன்னேன். நீயும் சரி என்று சொன்னாய். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நீ இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி என்று சொன்னதில்லை.

நான் கான்டீனில் காபி சொல்லப் போன பத்து நிமிஷத்தில் நீ மட்டும் அந்த அறையில் இருந்தாய். இப்போது இரண்டாம் தட்டில் ஒரு பாட்டில் இல்லை. புரொபசர் கேட்டார். கை தவறி உடைந்துவிட்டது என்று சொன்னேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அவர் நம்பிவிட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. உதவியாளர் காளிதாஸ் கண்ணாடித் துண்டு எங்கே என்று குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் பக்கம் நான் திரும்பவில்லை.

நீ எடுத்தாயா இல்லையா? ஒரு வரி எழுது. எடுத்திருந்தால் திருப்பி அனுப்பு.

யதுகிரி

*

ஹனூர்
9-8-1963

யது,

எடுத்தேன். கைப்பையில் குடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நஞ்சன்கூடு தாண்டுகிற வரை யாரோ பின்னால் வருகிற மாதிரியே இருந்தது. உன்னைப் பொய் சொல்ல வைத்தது உறுத்துகிறது. ஆனாலும் திருப்பி அனுப்பப் போவதில்லை.

இன்னும் கொடுக்கவில்லை. மருந்து அலமாரியில் மேலே வைத்திருக்கிறேன். எவ்வளவு கொடுப்பது என்று எனக்குத் தெரியாது. அது உனக்குத்தான் தெரியும். இல்லாவிட்டால் உனக்கும் தெரியாது. உனக்குத் தெரியாது என்றால், யது, தெரிந்துகொள்ள என்ன செய்யப் போகிறாய்? எலிகளின் ரயிலுக்குக் காத்திருப்பதைத் தவிர?

பதில் எழுது.

வாலா

*

ஹனூர்
20-8-1963

யது,

ஒரு வாரம் பார்த்தும் உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. அதனால் நானே முடிவு செய்தேன். அரை கிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை. பதினாறாம் தேதி தொடங்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் தேவம்மா என்னைத் தேடி ஓடி வந்தாள். ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். கடைசிக் கட்டிலின் அருகே போய் நின்றால், வாசனை இல்லை. ஒன்றுமே இல்லை. படுக்கையில் சோப்பு வாசனைதான். சிறுநீரில் லிட்மஸ் வைத்துப் பார்த்தேன். நீலமாகவில்லை.

மாதேவி தன் முந்தானையை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம், "நாத்தம் போயிருச்சுங்களா டாக்டரம்மா? இல்ல, எனக்கு மூக்கு செத்துப்போச்சுங்களா?" என்று கேட்டாள். தேவம்மா குனிந்து அவள் தோளில் முகத்தை வைத்து முகர்ந்துவிட்டு, போய்விட்டது என்று சொன்னாள். மத்தியானம் மாதேவி எழுந்து மற்றப் பெண்கள் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், கொஞ்சம் தள்ளி நின்றாள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

இதைப் பார்த்த பிறகும் நான் செய்தது தப்பு என்றால் தப்பாகவே இருக்கட்டும்.

வாலா

*

தந்தி
மைசூர், 22-8-1963

பொடியை நிறுத்து. ரத்தம் பார். கடிதம் வருகிறது. யதுகிரி.

*

மைசூர்
22-8-1963

வாலா,

தந்தி கிடைத்திருக்கும். நிறுத்தியிருப்பாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. "இல்லாவிட்டால் உனக்கும் தெரியாது" என்று எழுதியிருந்தாய். அது உண்மை. பதினோராம் தேதியிலிருந்து நேற்று வரை நான் பொடியைச் சாப்பிட்டு வந்தேன். நாளைக்கு ஒன்றரை கிராம். யாரிடமும் சொல்லவில்லை. முடிந்ததும் உனக்கு எழுதலாம் என்றிருந்தேன். அதற்குள் நீ கொடுக்க மாட்டாய் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

முதல் ஐந்து நாள் தலைவலி மட்டும். ஏழாம் நாள் எங்கள் கட்டிடத்தின் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றுவிட்டேன். ஒன்பதாம் நாள் சாற்றமுது பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏண்டி, கண்ணு மஞ்சளா இருக்கே?" என்றாள். தொடங்கும்போது ஹீமோகுளோபின் பன்னிரண்டரை. நேற்று ஒன்பதரை. பொடி சிவப்பணுக்களை உடைக்கிறது, வாலா. எலிகளின் மண்ணீரல் கறுத்தது அதனால்தான். மழைக்கும் சளிக்கும் சம்பந்தமில்லை.

எனக்குக் குறைய மூன்று புள்ளி இருந்தது. மாதேவிக்கு இருக்கிறதா? அவளுடைய எண்ணை உடனே அனுப்பு.

யதுகிரி

*

ஹனூர்
25-8-1963

யது,

தந்தி வந்தபோது காலை வேளைப் பொட்டலம் தேவம்மாவின் கையில் இருந்தது. வாங்கிக்கொண்டேன். ஆறு நாள் கொடுத்திருந்தேன், ஏழாம் நாள் நின்றது. மாதேவிக்கு முதலில் எட்டரை இருந்தது. இப்போது ஏழேகால்.

கறுத்த மண்ணீரல் என்று நீ எழுதியது ஜூலையில். டாக்டர் நான். படித்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வாசனையை மட்டும் பார்த்தேன், மண்ணீரலைத் தாண்டிப் போய்விட்டேன். அவளிடம் புது மருந்து என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். யாரும் இதுவரை சாப்பிட்டதில்லை என்று சொல்லவில்லை. நேற்று சொன்னேன். எல்லாவற்றையும், திருடியதையும் சேர்த்து. அவள் கேட்டுக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சர்ஜனுக்கு எழுதிக் கேட்டேன். ரத்தம் மறுபடி எட்டரைக்கு வந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்கிறார். செப்டம்பர் முதல் வாரம் நடக்க வேண்டிய ஆபரேஷன் என்னால் ஒரு மாதம் தள்ளிப் போய்விட்டது. இரும்பு ஊசி போட்டு வருகிறேன்.

நீயும் என்னிடம் சொல்லாமல்தான் செய்திருக்கிறாய். உன்மீது எனக்கு வரும் கோபத்தைக் காட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. ஈரல் சாப்பிட மாட்டாய், முருங்கைக்கீரையாவது சாப்பிடு.

இன்று காலை வாசனை திரும்பிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்பே மாதேவி மற்றப் பெண்களுக்கு நடுவில் விரித்திருந்த பாயைச் சுருட்டிக்கொண்டு மறுபடி கடைசிக் கட்டிலுக்குப் போய்விட்டாள். ரவுண்ட்ஸ் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி அவள் மகளுக்குக் கல்யாணம். "கண்ணாலத்துக்கு நாலு நாளைக்கு மட்டும் அந்தப் பொடியக் குடுங்க. ரத்தம் போனாப் போகட்டுங்க. எம்புள்ள தலையில நான் அரிசி போடணும்" என்றாள்.

என்னால் முடிவு செய்ய முடியவில்லை. இந்த முறை உன்னைக் கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

வாலா

*

மைசூர்
30-8-1963

அன்புள்ள வாலா,

புரொபசரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாட்டில் உடையவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என் லாப் நோட்டைத் திறந்து, தேதி போட்டு அத்தனையையும் என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டார். "நிங்க ரத்தம் சரியாகற வரைக்கும் லாப் பக்கம் வரக்கூடாது" என்று தன் கன்னடத் தமிழில் சொன்னார். தண்டனையா, வைத்தியமா என்று தெரியவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார்.

மாதேவியின் கேள்வி நான்கு நாளாக என்னோடு வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. லாப் இல்லாததால் எனக்கும் அதற்கும் வேறு வேலை இல்லை. அவள் கேட்பது வைத்தியம் இல்லை. நான்கு நாளில் கல் கரையாது, கிருமி சாகாது. ரத்தம்தான் குறையும். கணக்குப்படி வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழாயில் என்சைமை நிறுத்த நீ கொடுத்ததில் பாதியே போதும். கால் கிராம், மூன்று வேளை, நான்கு நாள். என் ரத்தம் முதல் நான்கு நாளில் அரைப் புள்ளிக்கு மேல் இறங்கவில்லை, அதுவும் இரட்டிப்பு அளவில். பொடி தொடங்கும் நாளில் அவளுக்கு எட்டுக்கு மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிடையாது. அரைப் புள்ளிக்கு மேல் இறங்கினால் முகூர்த்தத்துக்கு முந்தின நாளாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். இது எனக்கு நிச்சயமாகத் தெரியாது, வாலா. தெரியாது என்பதை அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

அதை நானே அவளிடம் சொல்கிறேன். எட்டாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். என் கண்ணில் இன்னும் மஞ்சள் இருக்கிறது. அவள் அதைப் பார்க்கட்டும். பார்த்த பிறகு கேட்டால் கொடுப்போம்.

யதுகிரி

*

மைசூர்
6-10-1963

அன்புள்ள வாலா,

நேற்று காலை ஆபரேஷன் ஆனது. இரண்டரை மணி நேரம். கல்லை முழுசாக எடுத்துவிட்டார்கள். ஒரு கிளை மட்டும் உடைந்து தனியாக வந்ததாம். சிறுநீரகம் பிழைத்துவிட்டது. முக்கால் பங்காவது வேலை செய்யும் என்கிறார் சர்ஜன். நீ கொடுத்த ஒரு பாட்டில் ரத்தமும் ஏறிவிட்டது. நான் கொடுக்க வந்தபோது பரிசோதித்துவிட்டு, "உங்களுக்கே யாராவது கொடுக்கணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாலையில் கண் விழித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்தைப் பற்றியேதான் பேசினாள். சம்பந்தியம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதை மறுபடி சொன்னாள். அன்று பந்தியில் நானும் இருந்தேன் என்பதை மறந்துவிட்டாள். முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டேன். நாலாம் நாள் மாலை மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தைச் சாப்பிடாமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தாளே, ஏன் என்று இப்போது கேட்டேன். மகள் வண்டி ஏறிப் போய்விட்டாள், இனி யாருக்காகச் சாப்பிடுவது என்றாள்.

அதைக் கேட்டதிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை. கல் போய்விட்டது. கிருமி போகவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி நின்றதும் ஒரு நாள் அது மறுபடி எழும். என் பொடி அவளுக்கு இனி உதவாது. அதன் மூலக்கூறில் ஒரு மூலையை மாற்றி வேறொன்று செய்யலாம் என்று புரொபசர் சொல்கிறார், சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதலில் எலிகள். நாற்பது எலிகள். அதற்குள் அவள் எங்கே படுத்திருப்பாள்?

இருபதாம் தேதி வாக்கில் டிஸ்சார்ஜ். கருப்புசாமியின் பஸ்ஸில் முன் ஸீட்டில் உட்கார்த்தி அனுப்புகிறேன்.

யதுகிரி

*

ஹனூர்
23-10-1963

யது,

மாதேவி நேற்று வந்து சேர்ந்தாள். பதினோரு மணி பஸ். நான் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். புருஷன் வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து புளியமரத்தடியில் நின்றிருந்தார். துவைத்த வேட்டி. அவள் இறங்கியதும் மூட்டையை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தரையில் வைத்தாள்.

"எங்க படுக்கறது? ஊட்டுக்குள்ளயா, கொட்டாயிலயா?" என்று கேட்டாள்.

உள்ளேதான், இதென்ன கேள்வி என்றார் அவர். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கு மறுபடி நாத்தம் வரும்னு மைசூரம்மா சொல்லியிருக்கறாங்க. அன்னிக்கு எங்க?"

அவர் மாட்டின் கயிற்றைப் பிடித்து நின்றார். மாதேவி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் தையல் போட்ட விலாவோடு உட்காரக் கூடாது என்று நான் சொன்னேன். "நீங்க போங்க டாக்டரம்மா, உங்களுக்கு வேலையிருக்கும்" என்றாள். எனக்கு வேலை இருந்தது. ஆனால் போகவில்லை. கருப்புசாமியும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். பஸ் நிறைய ஜனங்கள், ஒருவரும் ஏன் கிளம்பவில்லை என்று கேட்கவில்லை.

கடைசியில் அவர் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் தள்ளி நின்றிருந்ததால் அவர் சொன்னது காதில் விழவில்லை. அவளுக்கும் விழவில்லை போலிருக்கிறது, அல்லது விழுந்தும் போதவில்லை. "சத்தமாச் சொல்லு" என்றாள்.

"உள்ளதான். நாத்தம் வந்தாலும் உள்ளதான்."

மாதேவி எழுந்து, மூட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறினாள்.

வாலா